அது பல்லாரிக்குத்தான்

எங்கள் வீட்டில் வெங்காயம் என்ற சொல் கிடையாது. சின்னது உள்ளி, பெரியது பல்லாரி. கடையம் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வெங்காயம் என்பது டி.வி.யில் வரும் சொல், பாடப் புத்தகத்தில் வரும் சொல். இரண்டாம் வகுப்பில் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதச் சொன்னபோது நான் ‘பல்லாரி’ என்று எழுதினேன். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வெங்காயம்’ என்று எழுதிக் கொடுத்தார். பல்லாரிக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் வெங்காயம் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது. உள்ளி எந்தப் படத்திலும் வரவில்லை. அதனால் அதற்குப் படித்த பெயர் ஒன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருபது வருஷம் கழித்து அந்த இரண்டாம் வகுப்புப் பாடம் எங்கள் தோட்டத்தில் வந்து நின்றது.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான். அப்பா கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து வராது. அம்மா பீடி சுற்றுகிறாள், கம்பெனிப் புத்தகத்தில் இன்றைக்கும் கைநாட்டுதான். ரேஷன் கடைத் தாள், பட்டா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பூச்சி மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டு, எல்லாம் நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே என்னிடம் வந்துவிடும். “வாசிச்சுச் சொல்லுய்யா” என்பார் அப்பா. நான் வாசிக்கும்போது அவர் தாளைப் பார்க்க மாட்டார், என் வாயைப் பார்ப்பார். நான் சொல்லி முடித்த பிறகு இன்னொருத்தரிடம் போய்க் கேட்டுக்கொண்டது கிடையாது. ஒருமுறைகூடக் கிடையாது.

பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தேன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தென்காசியில் ஒரு கோச்சிங் சென்டரில் பாடமும் எடுத்தேன். ஏற்றுமதி, இறக்குமதி, சுங்கவரி எல்லாம் என்னுடைய பாடம்தான். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை விளங்காது.

எங்களுக்கு மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. முந்தின இரண்டு வருஷமும் மக்காச்சோளமும் கடலையும் போட்டிருந்தோம். காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கி, உழுது போட்டதுபோல ஆக்கிவிட்டுப் போனது. அதற்குள் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, இரண்டு தடவை வந்துவிட்டார். செங்கோட்டையில் அவருக்குத் தெரிந்த மர அறுவை மில்லில் காவலுக்கு ஆள் வேண்டும், மாதாமாதம் சம்பளம், மழையும் வேண்டாம் பன்றியும் வேண்டாம் என்று அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். அப்பா, “பன்னி தொடாத வெள்ளாமை உள்ளி ஒண்ணுதான் மச்சான். இந்தத் தடவை அதப் போட்டுப் பாக்கேன். அதுவும் கைய விட்டுச்சுன்னா நீங்க சொன்னபடி வாறேன்” என்றார்.

ஆக, உள்ளி தேறினால் தோட்டம், தேறாவிட்டால் காவல். வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை.

உள்ளி தேறியது. தேறியது மட்டுமா, அந்த மாதிரிக் காயை நான் எங்கள் மண்ணில் பார்த்ததில்லை. சிவப்பு மண்ணிலிருந்து பிடுங்கும்போதே கொத்துக் கொத்தாக, சுருங்காமல், தோல் மினுங்க வந்தது. ஆடிக் கடைசியில் பிடுங்கி, மேலே இருக்கும் இலைத்தாளை அறுத்து, பட்டறை போட்டோம். பட்டறை என்றால் தரையில் கல் பரப்பி, அதன் மேல் கம்பு அடுக்கி, சுற்றிலும் வலை கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்த நீளக் கூண்டு. காற்று உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும், ஈரம் மட்டும் ஏறக் கூடாது. ஈரம் ஏறினால் உள்ளி ஒரு வாரம் தாங்காது. நல்லவேளையாக அந்த ஆடியில் சாரல் இல்லை. குற்றாலத்துக் கடைக்காரர்கள் அருவியில் தண்ணீர் இல்லை, கூட்டம் இல்லை என்று புலம்பினார்கள். அப்பாவுக்கு மட்டும் அது நல்ல சேதி.

அந்தப் பட்டறையில்தான் எல்லாம் இருந்தது. விற்க வேண்டிய காய் அதில்தான், அடுத்த நடவுக்கான விதையும் அதில்தான். விளைந்த உள்ளியில் கொஞ்சத்தை ஒதுக்கிவைத்து நட்டால்தான் அடுத்த உள்ளி.

தென்காசியிலிருந்து ஒரு பாய் வந்து எடுப்பார். பக்கத்து ஊர்களில் உள்ளி எடுத்து, தூத்துக்குடி கொண்டுபோய், கொழும்புக்குத் தோணியில் ஏற்றுகிறவர். மச்சினர்கள் இரண்டு பேர் துபாயில் இருக்கிறார்கள், அவர்கள் மூலமாக அங்கேயும் கொஞ்சம் போகும். ஒல்லியான மனிதர், பேசிக்கொண்டே உள்ளியை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். விலை பேசி முடித்து, அடுத்த வாரம் லாரி விடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

சொன்ன நாளுக்கு முன்பே, ஒரு மத்தியானம் பைக்கில் வந்து இறங்கினார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அண்ணாச்சி, ஒரு பேச்சு அடிபடுது. வெளிநாட்டுக்குப் போற வெங்காயத்துக்கு வரி போட்டுட்டாங்கன்னு சொல்லுதாங்க. எனக்கு நாளைக்கு ஒரு தோணி நிக்கி. அதுல ஏத்திட்டா தப்பிச்சிரலாம்னு ஒரு நம்பிக்கை, தப்பிக்க முடியாமலும் போவலாம். நீங்க பேசுன வெலையில கொஞ்சம் எறங்குங்க. இன்னைக்கே லாரி விடுதேன்.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பாயும் சிரித்துக்கொண்டே, “வாத்தியாரு என்ன சொல்லுதாரு?” என்றார்.

நான் போனை எடுத்தேன். செய்தி இருந்தது. வெங்காய ஏற்றுமதிக்கு வரி, உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்க அரசு நடவடிக்கை என்று தமிழில் நாலு வரி. கீழே ஒரு படம். வடக்கே ஏதோ ஒரு சந்தையில் சாக்குச் சாக்காக, உருண்டை உருண்டையாகப் பல்லாரி.

இன்றைக்கும் அந்த நிமிஷத்தை என்னால் திருப்பிப் பார்க்க முடிகிறது. செய்தியை நான் அவசரமாக வாசிக்கவில்லை, நிதானமாகத்தான் வாசித்தேன். வெங்காயம் என்ற சொல்லும் அந்தப் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்தன. சந்தேகம் நுழைய அதில் இடமே இல்லை.

“அது பல்லாரிக்குத்தான்ப்பா. நம்ம உள்ளிக்கு இல்ல.”

“நல்லாப் பாத்தியா தம்பி?” என்றார் பாய். “உத்தரவு இங்கிலீஷ்ல இருக்குமாம்லா. எனக்கு அது தெரியாது. நீ அதையும் ஒரு எட்டுப் பாத்துச் சொல்லேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் வாசித்ததைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. அவர் காதில் விழும்படியே அப்பாவிடம் சொன்னேன், “பயம் காட்டி வெலையக் கொறைக்கப் பாக்காவப்பா.”

பாயின் முகம் மாறியது. அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது, ஆனால் என்னை அதட்டவில்லை. பாயிடம் தயவாக, “பேசுனது பேசுனபடியே இருக்கட்டும் பாய். நீங்க சொன்ன நாளைக்கே லாரி வரட்டும்” என்றார். பாய் கையில் உருட்டிக்கொண்டிருந்த உள்ளியைப் பட்டறைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சொன்ன நாளில் லாரி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவும் இல்லை. அதற்கு மறுநாள் கோச்சிங் சென்டரில், டீ இடைவேளையில், அந்த இங்கிலீஷ் உத்தரவைத் தேடிப் பிடித்தேன். தேட வேண்டியதே இல்லை, இரண்டு தட்டலில் வந்துவிட்டது. பெரியது சின்னது என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு எண் மட்டும் இருந்தது. சுங்கத்துறை ஒவ்வொரு பண்டத்துக்கும் வைத்திருக்கும் எண். அந்த எண்ணைப் பிடித்துப் பட்டியலில் போய்ப் பார்த்தால், எல்லா ஜாதி வெங்காயமும் அதற்குள் வரிசையாகக் கிடந்தது. உள்ளியும் கிடந்தது. டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு உள்ளி என்றோ பல்லாரி என்றோ ஒன்று கிடையாது. அவர் மேல் தப்பும் இல்லை. வாசிக்கத் தெரிந்தவன் என்று எங்கள் ஊர் நம்பியது அவரை இல்லை, என்னை.

அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பை முடிக்காமலே பஸ் ஏறினேன். அப்பா பட்டறைக் கீற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். சொன்னேன். அவர் கீற்றைக் கட்டி முடித்து, இறங்கி வந்து, கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

“உள்ளிக்கும் உண்டா?”

“உண்டுப்பா.”

“செரி” என்றார். அவ்வளவுதான். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன்.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கப்பல் ஏற வேண்டிய உள்ளி முழுவதும் ஏறாமல் திரும்பி, எங்கள் பக்கத்துச் சந்தைகளிலேயே வந்து குவிந்தது. அப்பாவும் நானும் ஒரு துண்டில் மாதிரிக் காயை முடிந்துகொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனோம். வாசலிலிருந்தே சாக்குதான். விலை, பாய் இறங்கச் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே போயிருந்தது. அதற்கும் எடுக்க ஆள் இல்லை. கமிஷன் கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். துண்டை அவிழ்த்துக் காயைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு நல்ல காய வச்சிக்கிட்டு என்னத்துக்குவே இருந்தீரு? அப்பமே தள்ளிவிட்டிருக்கக் கூடாதா? எந்த மடையன் வச்சிருக்கச் சொன்னான்?” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா துண்டை முடிந்துகொண்டே சொன்னார்.

“ஒருத்தரும் சொல்லல வே. எனக்கே ஒரு பேராசை. பயல் குடுத்திரச் சொல்லித்தான் சொன்னான். நாந்தான் கேக்கல.”

கடைக்காரர் என்னைப் பார்த்து, “படிச்ச புள்ள சொன்னதக் கேக்காண்டாமா?” என்று அப்பாவைத் திட்டினார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே இருக்கைதான் கிடைத்தது. கடையம் வரை நான் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆடியில் வராத சாரல் ஆவணியில் வந்தது. மலையிலிருந்து காற்றும் தூறலுமாக இறங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நனைத்தது. கீற்றுக்கு மேல் தார்ப்பாயைப் போட்டால் காற்று போகாது, எடுத்தால் ஈரம் ஏறும். போடுவதும் எடுப்பதுமாகவே அப்பாவுக்குப் பொழுது போனது. முதலில் அடியில் இருந்த காய் கொழகொழத்தது. பிறகு நடுவில் முளை விட்டது. அம்மா பீடித் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நாள் முழுவதும் பட்டறை முன்னால் குத்தவைத்து அழுகலைப் பொறுக்கினாள். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. ராத்திரிச் சோற்றை அவள் கரண்டியால் சாப்பிட்டாள், அதற்கு முன்னால் நான் அப்படிப் பார்த்ததில்லை. “ஏலே, உங்க பொஸ்தகத்துல இதுக்கு ஒண்ணும் போட்டிருக்கலையா?” என்று ஒருநாள் கேட்டாள். குத்திக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

போட்டிருந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. ஏற்றுமதி வரியின் நன்மை: உள்நாட்டில் பண்டம் தாராளமாகக் கிடைக்கும், விலை குறையும். கைடில் ஒரே வரி, தேர்வில் ஒரு மார்க். போன வருஷமும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். பண்பொழியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, “சார், வரிய ஏற்றுமதி பண்ணுறவருதான கட்டணும்? வெவசாயிக்கு என்ன வந்தது?” என்று கேட்டாள். கட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் வேறொருவர் என்று சொன்னேன். வரி உள்ள காயை வெளிநாட்டுக்காரன் பழைய விலைக்கு வாங்க மாட்டான், வியாபாரி தோட்டத்தில் விலையைக் குறைப்பார், இல்லை எடுக்கவே மாட்டார், மிச்சமெல்லாம் உள்ளூர்ச் சந்தையில் விழும். சொல்லச் சொல்ல எங்கள் பட்டறையின் அழுகல் வாடை என் விரலிலிருந்தே வந்தது. அவள் குறிப்பெடுத்துக்கொண்டு, “இது தேர்வுக்கு வருமா சார்?” என்றாள்.

நாறாமல் இருந்த காயையாவது சில்லறையில் விற்றுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். சாரல் வந்ததும் குற்றாலத்தில் கூட்டம் வந்துவிட்டது. ஒரு லோடு ஆட்டோ பிடித்து, தேறின உள்ளியை ஏற்றிக்கொண்டு, ஐந்தருவி போகும் ரோட்டோரம் நிறுத்தினோம். தலையில் எண்ணெய் வழியப் போகிறவர்கள், ஈர வேட்டியோடு வருகிறவர்கள், வரிசையாக வேன்கள். அப்பா காலத்துக்கும் தோட்டத்தில் நின்று மொத்தமாக விற்றவர். கூவி விற்றவர் இல்லை. தராசைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கூவினேன், “உள்ளி, தோட்டத்து உள்ளி.”

அரை மணி நேரம் ஒருத்தரும் நிற்கவில்லை. பிறகு ஒரு பெண், கூட நாலைந்து பெண்களோடு வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு, “அட, சின்ன வெங்காயம்! இதையா இவ்வளவு நேரம் உள்ளி உள்ளின்னு கத்திட்டிருந்தீங்க? ஏதோ மருந்துன்னு நெனச்சோம்” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அந்த மாதம் முதல் தடவையாக.

அதன் பிறகு சின்ன வெங்காயம் என்று கூவினேன். விற்றது.

அந்தப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது, ஒரு வாரம் வேலை இல்லை, சரி, குளித்துவிட்டாவது வருவோம் என்று எல்லாருமாகச் சேர்ந்து வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். உள்ளியை அள்ளி அள்ளிப் பார்த்தாள். போன மாதம் அவர்கள் ஊரில் இதைத் தொட முடியவில்லை, சாம்பாருக்குப் போடாமலே விட்டுவிட்டோம், இப்போதுதான் விலை இறங்கியிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உடனே அது யார் மேல் என்று தெரியாமல் போயிற்று. சம்பளம் இல்லாத வாரத்தில் சாம்பார் வைக்கப்போகிற பெண் அவள். அவளுக்காகத்தான் அந்த வரி என்றால் அதை நான் எப்படித் தப்பென்று சொல்வேன்? நாங்கள் விற்க வேண்டியது கடலைத் தாண்டவில்லை, அவள் தைக்க வேண்டியதும் தாண்டவில்லை. அப்பா என்னைக் கேட்காமலே விலையைக் குறைத்து, மேலே ஒரு கையும் அள்ளிப் போட்டார்.

மூன்று நாள் போனோம். நாலாம் நாள் வாங்குகிறவர்கள் சாக்குக்குள் கையை விட்டு முளை விட்ட காயை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். ஆட்டோ வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை.

அப்புறம்தான் பாயைத் தேடித் தென்காசிக்குப் போனேன். மிச்சத்தை என்ன விலைக்காவது எடுத்துக்கொள்வாரா என்று கேட்கத்தான் போவதாக வீட்டில் சொன்னேன். குடோன் பாதி திறந்திருந்தது. அவர் கீழே உட்கார்ந்து சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வா வாத்தியாரே” என்றார். அதில் கேலி இருந்ததாகத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குப் பயம் காட்டுகிறார் என்று சொன்னது தப்பு, உத்தரவைப் பார்க்காமல் சொன்னது அதைவிடத் தப்பு, அப்பா ஊரெல்லாம் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாக்கை மடிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தோணியில் சரக்கு ஏறவே இல்லை என்றார். வேறு ஊரில் எடுத்த சரக்கு தூத்துக்குடியில் பத்து நாள் கிடந்திருக்கிறது. வரி கட்டி அனுப்பினால் கொழும்பில் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள், கட்டாவிட்டால் அனுப்ப முடியாது. அங்கேயே அழுகி, அள்ளிக் கொட்டுவதற்கும் கூலி கொடுத்திருக்கிறார்.

“அன்னைக்கு நீ சரியாச் சொல்லியிருந்தா உங்கப்பா எனக்குக் குடுத்திருப்பாரு” என்றார். “குடுத்திருந்தா அந்தச் சரக்கும் சேந்து துறைமுகத்துல கெடந்து நாறியிருக்கும். உங்க வீட்டுக்கு வந்தது எங்க வீட்டுக்கு வந்திருக்கும். அவ்வளவுதான் தம்பி. நீ தப்பாச் சொன்னதுல நான் கொஞ்சம் தப்பிச்சேன். இதுக்குப் போயி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

அவரை அதிகம் வருத்தியது வேறொன்று. கொழும்பில் அவரிடம் பதினெட்டு வருஷமாக வாங்கிய வியாபாரி வேறொரு நாட்டுச் சரக்குக்கு மாறிவிட்டான். வரியை நாளைக்கே எடுத்தாலும் அவன் திரும்பி வருவானா என்று தெரியாது என்றார். “வெலை ஏறும் எறங்கும், அது கெடக்கட்டும். நம்ம சரக்கு வரும்னு அவன் நம்பிக்கிட்டிருந்தான் பாத்தியா, அது போச்சு.” ஒரு நாட்டின் வளம் எதில் இருக்கிறது என்று நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன், எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த இருட்டுக் குடோனில்தான் அது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. பாய் மிச்சத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை. எடுத்து எங்கே வைப்பது என்று குடோனைச் சுற்றிக் காட்டினார்.

புரட்டாசி முடியும்போது அப்பாவும் அம்மாவும் நானுமாகப் பட்டறையைப் பிரித்தோம். அழுகியதை மம்பட்டியால் இழுத்துத் தென்னை மரத்தடிக் குழியில் தள்ளினோம். விதைக்குத் தேறியது ஒன்றரைச் சாக்கு. இரண்டு ஏக்கருக்குக் காணாது, கால் ஏக்கருக்குக் கஷ்டப்பட்டு வரும். மீதிக்கு விலை கொடுத்து வாங்கலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா என்னிடம், “வரிய எடுத்திருவாவளா?” என்றார். தெரியாது என்று சொன்னேன். பிள்ளைப் பருவத்திலிருந்து அன்றுவரை அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

கால் ஏக்கரில் அந்த விதையை நட்டோம். நட்ட பாத்தியில் முளை தெரிகிற நேரத்தில், வரியும் போய் ஏற்றுமதிக்கே தடை வந்துவிட்டது. இந்தத் தடவை இங்கிலீஷ் உத்தரவை மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். மறுநாள் காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, மாமாவுக்குப் போன் போடச் சொன்னார்.

செங்கோட்டைக்கு நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அந்தக் கால் ஏக்கருக்குத் தண்ணீர் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மில்லில் ரம்பம் ஓடவில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மரம் வரவில்லை, வந்ததும் ஓடும் என்றார் கணக்குப்பிள்ளை. ஆள் இல்லாதபோதுதானே காவல் வேண்டும் என்று சிரித்தார். பிறகு ஒரு தாளை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிப் பார்க்காமலே என்னிடம் கொடுத்து, மரத்தூள் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார்.

முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். வேலை நேரம், லீவு, சம்பளத் தேதி. ஏழாவது வரியில் ‘பணியின்போது ஏற்படும் இழப்புக்கு ஈடு செய்யப்பட வேண்டும்’ என்று இருந்தது. யார் செய்ய வேண்டும் என்று இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆனால் மில் ஈடு கொடுக்குமா, மரம் காணாமல் போனால் அப்பா கொடுக்க வேண்டுமா? இரண்டு மாதிரியும் வாசிக்கலாம்.

“இது எனக்கு வெளங்கலப்பா” என்று சொல்லிவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன்.

“எம்.ஏ. படிச்சவன்னு உங்க மாமா சொன்னாரு, நீயே என்கிட்ட கேக்க?” என்று தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். ரொம்ப நாளாக இப்படியேதான் இருக்கிறது, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், முதலாளி கேரளாவிலிருந்து வந்தால் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

எழுந்துவிடலாம் என்பதுபோல அப்பாவைப் பார்த்தேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் பேனா கேட்டு வாங்கினார். எங்கே போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.